பக்கச் சன்னலில் வந்த மெழுகுதிரி

அந்தச் சீட்டு ஒரு புஸ்வாண லேபிளின் பின்பக்கம். முன்பக்கத்தில் மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. பின்பக்கத்தில் நீல மையில் ஒரே ஒரு பெயர்: முத்துலட்சுமி. அதை ஒரு மெழுகுதிரியில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணி ஐந்தாகப் போகிறது. எங்கள் அந்தோணியார் கோயிலின் தெற்குப் பக்கச் சன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். சட்டை இரண்டு மூன்று நாள் கசங்கல். கண் சிவந்து கிடந்தது. கம்பிக்குள் கையை விட்டு மெழுகுதிரியை நீட்டினார்.

"எம் வீட்டுக்காரி பேரு. இங்கன குடுத்தா வாசிப்பீகன்னு சொன்னாக" என்றார்.

நான் மைக் ஸ்டாண்டோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். அதன் திருகு எப்போதும் நழுவும். "சரி, வச்சுட்டுப் போங்க" என்றேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. திரும்பி ஓடினார்.

அவ்வளவுதான். அரை நிமிடம்கூட இருக்காது. அந்த அரை நிமிடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இந்தத் தொடரில் நான் வேலை பார்க்கும் பிரஸ் கதையாகவே எழுதிக்கொண்டிருக்கிறேன், கோயிலைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்களேன் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாவம், பூவும் பாட்டும் திருவிழாவும் எதிர்பார்த்திருப்பார். கோயில் என்று நினைத்தால் எனக்கு முதலில் கைக்கு வருவது இந்த மயில் லேபிள்தான். என்ன செய்ய?

திரி யாருக்கு, உப்பு யாருக்கு

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் விளங்காது.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்கும் வெம்பக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. கத்தோலிக்க வீடுகள் முப்பதைத் தாண்டாது. மற்றதெல்லாம் இந்துக் குடும்பங்கள். யாராக இருந்தாலும் வேலை ஒன்றுதான், பட்டாசு. அதை விட்டால் தீப்பெட்டி. எங்களுடையது கிளைக் கோயில். பங்குச்சாமிக்கு இப்படி ஐந்து கோயில்கள். அவர் பைக்கில் வந்து பூசை வைப்பது மாதத்தில் இரண்டு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் வாசகம் வாசித்து, செபம் சொல்லி, பாட்டை எடுத்துக் கொடுத்து வழிபாட்டை நடத்துவது என் தலையில். தீபாவளி சீசன் வந்துவிட்டால் ஞாயிறும் கம்பெனி உண்டு, அதனால் காலை வழிபாடு சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்விடும்.

மற்ற ஊர்க் கோயில்களில் எதற்கெடுத்தாலும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். எங்கள் கோயிலில் அது நடக்காது. வேலையிலிருந்து நேரே வருகிற சனம். சேலையில் வெடிமருந்து, தலைமுடியில் மருந்து, முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கும். கோயில்பிள்ளை சவரிமுத்து அண்ணன், அதாவது கோயிலைத் திறக்க, பூட்ட, மணியடிக்க, வருகிறவர்களையெல்லாம் வைய இருக்கிறவர், சுவரில் பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்: 'மருந்துக் கையோடு திரியைத் தொடாதே.' மறைக்கல்விக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பதினோராவது கட்டளை என்பார்கள்.

ஒரு தடவை பட்டணத்திலிருந்து வந்த இளம் சாமியார் ஒருவர், ஆளுக்கொரு திரியை ஏந்தி சுற்றிவரலாம் என்று ஆசையாகச் சொன்னார். சவரிமுத்து அண்ணன் வரிசையில் நின்ற ஒவ்வொருவர் சட்டையையும் மோந்து பார்த்து, முக்கால்வாசிப் பேரைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டார். சாமியாருக்கு அன்றைக்குப் புரிந்தது, தான் எந்த ஊருக்கு வந்திருக்கிறோம் என்று.

இப்படித் திரியைக் குறைத்துக் குறைத்து, எங்களுக்குள் ஒரு வழக்கம் நின்றுவிட்டது. திரி இறந்தவர்களுக்கு மட்டும். சீட்டில் பெயரை எழுதித் திரியோடு பக்கச் சன்னலில் கொடுத்தால், சவரிமுத்து அண்ணன் வாங்கி மணல் தட்டில் ஏற்றிவைப்பார். உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்றால் உப்பும் மிளகும். காகிதத்தில் பொட்டலம் கட்டி, சீட்டோடு கொடுப்பார்கள். சீட்டில் பெயரைத் தவிர வேறு எதுவும் இருக்காது. திரி என்றால் ஆன்மா இளைப்பாற, உப்பு மிளகு என்றால் சுகம் கிடைக்க. எத்தனையோ வருடமாக எங்களுக்குள் இதில் ஒரு நாளும் குழப்பம் வந்ததில்லை.

எங்களுக்குள் என்றேன், அதைக் கவனியுங்கள்.

உட்காரத் தெரியாதவள்

என் பெயர் ஜெசிந்தா என்பதும், சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்க்கிறேன் என்பதும் இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும். தினத்தாள் காலண்டரில் ராகுகாலம் அரை மணி பிசகினால் நாடு முழுக்கத் திட்டு வரும். அதனால் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவேன். "ஏம்மா, இதுக்கெல்லாமா கேள்வி கேப்பாக?" என்று கம்போஸிங் ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வேலையில் அப்படி. மற்ற நேரத்தில் எனக்குக் கால் தரிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மற்றவர்கள் முழந்தாள் போட்டிருக்கும்போது நான் ஃபேன் ஓடுகிறதா என்று பார்ப்பேன். செவ்வாய் அந்தோணியார் நவநாள், புதன் ஏதாவது ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம், வெள்ளி நோயாளிகளைப் பார்க்கப் போவது, சனி கோயில் கூட்டிப் பூ கட்டுவது, ஞாயிறு வழிபாடு. வாரம் முழுக்க இப்படி ஓடிக்கொண்டே இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அன்பியக் கூட்டத்தில் வசனத்தைத் தியானிக்க ஐந்து நிமிடம் மௌனம் என்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் நான் எழுந்து காப்பி கலக்கப் போய்விடுவேன். பக்தி இல்லை என்று சிலர் பேசுவதும் என் காதில் விழாமல் இல்லை.

பேசட்டும். ஓடுகிறவள் ஒருத்தி இல்லாவிட்டால் ஐந்து மணி வழிபாடு ஆறு மணிக்குத்தான் தொடங்கும்.

அந்த அவசரம்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

வாசித்தேன்

அந்த வாரம் வியாழக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வெடித்திருந்தது. பிரஸ்ஸில் இருந்த எனக்குச் சத்தம் கேட்கவில்லை, போன்தான் வந்தது. ஏழெட்டுப் பேரை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். யார் பிழைத்தார்கள், யார் இல்லை என்று ஞாயிறு வரைக்கும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண் சிவந்த ஒருவர் மெழுகுதிரியை நீட்டி வீட்டுக்காரி பெயர் என்கிறார். எனக்குச் சந்தேகமே எழவில்லை. இந்துப் பெயராயிற்றே என்றுகூட யோசிக்கவில்லை. செவ்வாய் நவநாளுக்குப் பாதிக்கு மேல் இந்துப் பெண்கள்தான் வருவார்கள். ஐயோ பாவம், போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று நினைத்தேன். சாவு விழுந்த வீட்டுக்காரரிடம் போய் என்னத்தைக் கேட்பது என்றும் நினைத்தேன். திரியைச் சவரிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கை கழுவிவிட்டு ஏற்றினார்.

நன்றிச் சீட்டுகளை வாசித்தேன். நோயாளிகளை வாசித்தேன். அப்புறம், "வெடிவிபத்தில் இறந்த முத்துலட்சுமியின் ஆன்மா இளைப்பாற" என்றேன். மைக் அன்றைக்கென்று கணீரென்று வேலை செய்தது.

பெண்கள் பக்கத்தில் நாலாவது வரிசையில் ஒரு அலறல். பாக்கியம். முத்துலட்சுமியோடு ஒரே ரூமில் மருந்து செலுத்துகிறவள். வெடித்த அன்றைக்கு லீவு போட்டதால் தப்பியவள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவளோடு வேலை பார்க்கிற இன்னும் மூன்று பேர் பின்னாலேயே போனார்கள். நான் வாசிப்பைத் தொடர்ந்தேன். இறந்தவர் பெயர் வாசித்தால் அழுவது சகஜம்தானே.

வெளியே போனவர்கள் கையில் போன் இருந்தது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற முத்துலட்சுமியின் ஊரில் ஒப்பாரி எழுந்துவிட்டது.

உண்மையைத்தான் சொன்னேன்

ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சவரிமுத்து அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அவர் வையும் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை.

"ஏ ஜெசிந்தா, அந்தப் புள்ள சாகலையாம்."

நடந்தது இதுதான். அந்த மனிதர் பெயர் கருப்பசாமி. முத்துலட்சுமியின் புருஷன். மாற்றுத்துணி எடுக்க ஊருக்கு வந்தவர், திரும்பப் போகிற வழியில் எங்கள் கோயிலில் இறங்கியிருக்கிறார். முத்துலட்சுமி செவ்வாய்க்கிழமை தவறாமல் எங்கள் அந்தோணியாரிடம் வருவாளாம். அவர் ஒரு நாளும் உள்ளே வந்தவர் இல்லை. அவளுக்காக நாமும் கேட்டுப்பார்ப்போம் என்று கடையில் மெழுகுதிரி வாங்கியிருக்கிறார். வேதக்கோயில் என்றால் மெழுகுதிரி, வேறென்ன தெரியும் அவருக்கு? அவள் பிழைக்க வேண்டும் என்றுதான் கொடுத்திருக்கிறார்.

அவர் மதுரைக்குப் பாதி வழி போவதற்குள் மச்சினனிடமிருந்து போன் வந்திருக்கிறது, பாடியை எப்போது எடுத்து வருகிறீர்கள் என்று. தான் ஊருக்கு வந்த கொஞ்ச நேரத்துக்குள் போய்விட்டாளா என்று அந்த மனிதர் பஸ்ஸில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டே மதுரைக்குப் போயிருக்கிறார். வார்டுக்குள் ஓடிப் பார்த்தால், முத்துலட்சுமி துணி போர்த்தி, குளுக்கோஸ் ஏற, முனகிக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

அண்ணன் வண்டியிலேயே உட்கார்ந்து அந்த ஊருக்குப் போனேன்.

வாசலில் பந்தல் கம்புகளை இறக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் தலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அழுகை அடங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியிருந்தது. நடுவில் சுடிதாரோடு ஒரு பெண், பதினாலு வயசு, முகம் வீங்கிப்போய். முத்துலட்சுமியின் ஒரே மகள் கௌசல்யா. ஒரு சாயங்காலம் முழுக்க அம்மா செத்துவிட்டாள் என்று அழுத பிள்ளை.

"உசுரோட இருக்கவளச் செத்துட்டான்னு மைக்குல சொன்னது யாரு?" என்று அவளுடைய பெரியம்மா கேட்டார். எல்லாக் கண்ணும் என் மேல்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "நானா ஒண்ணும் சொல்லலைங்க. அவுக வீட்டுக்காரர்தான் மெழுகுதிரி கொண்டாந்து குடுத்தாக. எங்க கோயில்ல திரி குடுத்தா அது செத்தவகளுக்கு."

"எங்கப்பாவா குடுத்தாரு?" என்று கௌசல்யா கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

பொய்யா? இல்லை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. கூட்டத்தின் கோபம் என்னை விட்டு நகர்வதை நான் கண்ணால் பார்த்தேன். விவரம் கெட்ட மனுசன் என்று கருப்பசாமியை வைய ஆரம்பித்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

பன்னிரண்டு நாள்

அடுத்த நாள் காலையில் நானே உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக் கோயிலில் வைத்தேன். நவநாளில் முத்துலட்சுமி பெயரை வாசித்தேன். அன்பியக் கூட்டத்தில் வாசித்தேன். சனிக்கிழமை பூ கட்டும்போது சொன்ன செபமாலையில் ஒரு பத்து மணி அவளுக்கு. ஊரே அவளுக்காகக் கேட்டது. செத்ததாகப் பேர் வந்துவிட்டால் ஆயுசு கெட்டி என்று பாக்கியம் எனக்குத் தைரியம் சொன்னாள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. பிரஸ்ஸில் தினத்தாள் புரூஃப் கையில் இருக்கும். ஒவ்வொரு தேதியாகக் கிழமை சரியா என்று பார்க்கும்போது, இந்தத் தேதிக்கு அவள் இருப்பாளா என்று மனசு போகும். எழுந்து தண்ணீர் குடிப்பேன். உட்காருவேன். மறுபடி எழுந்திருப்பேன். "என்னக்கா, மூல வியாதியா?" என்று பக்கத்து மேஜைப் பெண் கேட்டே விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாமி வந்தார். பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவசரப்பட்டுவிட்டேன் சாமி, விசாரிக்காமல் வாசித்துவிட்டேன் என்றேன். மனிதர்கள் தவறுவது இயல்புதான் என்று ஆறுதல் சொல்லி, மூன்று அருள்நிறைந்த மரியே செபிக்கச் சொன்னார். செபித்தேன். அடங்கவில்லை. எப்படி அடங்கும்? அந்த வாசலில் நான் சொன்ன "ஆமா"வைச் சாமியிடம் சொல்லவே இல்லையே. சொல்லத் தோன்றாமல் இல்லை. தோன்றியது, முழுங்கிவிட்டேன்.

வெடித்ததிலிருந்து பன்னிரண்டாவது நாள் முத்துலட்சுமி போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றேன். கருப்பசாமி ஒரு பக்கம் தனியாக நின்றார். கௌசல்யா அவரிடம் போகவே இல்லை. அவர் ஒரு தடவை கையை நீட்டினார், அவள் பெரியம்மா பக்கம் திரும்பிக்கொண்டாள். துக்கத்தில் பிள்ளைகள் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"யாருக்குண்ணே?"

அடக்கம் முடிந்து மூன்று வாரமிருக்கும். சாமி வராத ஞாயிறு. மணி நாலே முக்கால். நான் அதே மைக் ஸ்டாண்டோடு அதே மல்லுக்கட்டு. தெற்குச் சன்னலில் நிழல் விழுந்தது.

கருப்பசாமி. முழங்கை வரைக்கும் வெள்ளி. மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். கையில் மருந்து இருந்ததால் சன்னலை விட்டு ஓர் எட்டுத் தள்ளியே நின்றார். சுவரில் எழுதியிருப்பதைப் படித்திருப்பார் போல. கையில் ஒரு காகிதப் பொட்டலம். நீட்டினார். உப்பும் மிளகும்.

கேளுங்கள், இவ்வளவு பட்ட பிறகும் என் புத்தி எங்கே போனது என்று. பாவம், இந்த மனிதர் மறுபடியும் மாற்றிக் கொண்டுவந்துவிட்டார், இறந்தவளுக்குத் திரி அல்லவா என்று நினைத்தேன். அதைச் சொல்ல வாயையும் திறந்துவிட்டேன். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை எது நிறுத்தியது என்று தெரியவில்லை.

"யாருக்குண்ணே?" என்றேன்.

"எம் பிள்ளைக்கும்மா."

"என்ன செய்யுது?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்கிட்டப் பேச மாட்டேங்குது. அது ஆத்தா உசுரோட இருக்கைலயே நான் திரி குடுத்துட்டேன்னு நெனைக்குது." பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினார். "அது நெனைக்கிறதும் சரிதான. எதுக்கு எது குடுக்கணும்னு நான் விசாரிச்சிருக்கணும். நான் குடுத்த திரிதான் அவளக் கொண்டுபோயிருச்சு."

அப்புறம் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டார்: "இந்தத் தடவையாவது சரியாக் கொண்டாந்துருக்கேனா?"

மைக்கை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கும் நீங்கள் சரியாகத்தான் கொண்டுவந்தீர்கள், கேட்காதது நான்தான் என்றேன். அவருக்கு அது மண்டையில் ஏறவில்லை. பெரிய மனசில் சமாதானம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார். இது இவரிடம் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மணல் தட்டுப் பக்கத்தில் நின்ற சவரிமுத்து அண்ணனிடம் போய், வழிபாட்டைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும் என்றேன். ஐந்து மணிக்குச் சனம் வந்து உட்கார்ந்திருக்கும்போது எங்கே கிளம்புகிறாய் என்று வைய ஆரம்பித்தவர், சன்னலுக்கு வெளியே நின்றவரைப் பார்த்தார். வசவு நின்றது.

"நான் செபமாலைய ஆரம்பிக்கேன். நீ போ" என்றார்.

கை கழுவத் தண்ணீர்

கருப்பசாமி வண்டியில் நான் போய் இறங்கியபோது கௌசல்யா வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு இருந்த பெரியம்மாவும் வந்துவிட்டார். நல்லது, எல்லோரும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். கருப்பசாமி வண்டியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

நான் சொன்னேன். உங்கள் அப்பா அம்மா பிழைக்க வேண்டும் என்றுதான் திரி கொடுத்தார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் நான். யாருக்கு, எதற்கு என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. அன்றைக்கு இதே வாசலில் பழியை அவர் மேல் தள்ளிவிட்டேன். இவ்வளவையும் நின்றபடி, நிறுத்தாமல் சொன்னேன்.

அவள் கையிலிருந்த சாம்பலைத் துடைத்தாள்.

"ஏன் கேக்கலை?"

"அவசரம். அவுக கண்ணு செவந்திருந்துச்சு. செத்துட்டாகன்னு நானா முடிவு கட்டிட்டேன்."

"அப்புறம் ஏன் எங்கப்பாதான்னு சொன்னீக?"

"பயம்" என்றேன். "எல்லாரும் என்னையவே பாத்தாக."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். திட்டவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது, ஆனால் கால் நகரவில்லை. என் வாழ்நாளில் நான் அசையாமல் நின்றது அந்த வாசலில்தான்.

பிறகு அவள் எழுந்து தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டாள். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள்.

"கையக் கழுவுங்கப்பா. மருந்தோட வீட்டுக்குள்ள வராதீக."

கருப்பசாமி இரண்டு கையையும் நீட்டினார். அவள் ஊற்றினாள். மருந்து முழுசாகப் போகவில்லை. போய் இன்னொரு செம்பு கொண்டுவந்து ஊற்றினாள். வெள்ளியாய் ஓடின தண்ணீர் தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. நானாகக் கிளம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன்.

செபமாலை ஐம்பத்து மூன்று மணியும் முடிந்து, மாதா பிரார்த்தனையும் முடிந்து, சவரிமுத்து அண்ணன் மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருந்தார். ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சீட்டுகளை வாசிப்பதற்கு முன்னால், நடந்ததை மைக்கிலேயே சொன்னேன். எந்த மைக்கில் அவளைச் சாகடித்தேனோ அதே மைக். அடுத்த வாரம் சாமியிடம் மிச்சத்தையும் சொன்னேன். அவர் இந்த முறை ஆறுதல் சொல்லவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் பட்டது.

இப்போது பக்கச் சன்னலில் யார் எதை நீட்டினாலும், யாருக்கு, இருக்கிறாரா இல்லையா என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை. ஊரில் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

கௌசல்யா செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வருகிறாள். அவள் அம்மா உட்காரும் தூணோரத்தில் உட்காருகிறாள். என்னோடு அவள் இதுவரை பேசவில்லை. சீட்டையும் என்னிடம் தருவதில்லை, சவரிமுத்து அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். கூடவே உப்பு மிளகுப் பொட்டலம் இருக்கும். வாரா வாரம் ஒரே பெயர்தான்.

அந்தப் பெயரோடு அவள் நிறுத்துவதில்லை. எங்கள் கோயிலில் யாரும் எழுதாத இரண்டு வார்த்தையை, எனக்கென்றே பக்கத்தில் எழுதியிருப்பாள். லேபிளின் பின்பக்கத்தில், குண்டு குண்டான பள்ளிக்கூட எழுத்தில்:

'கருப்பசாமி. உயிரோடு இருக்கிறார்.'